காசு டெலிமெட்ரிக்கா, லேசருக்கா? எலியின் ஸ்ட்ரெஸ் ஆய்வைத் தொடங்கும் முன்

போன வாரம் ஜூனியர் ஒருத்தி போன் செய்தாள். பிஎச்.டி. சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "அக்கா, ஒரு பெரிய ஐட்டம்தான் வாங்க முடியும்னு கைடு சொல்லிட்டார். டெலிமெட்ரி கேட்கவா, ஆப்டோஜெனெடிக்ஸ் செட் கேட்கவா? வால் கஃப் மெஷின் லேப்ல ஏற்கெனவே இருக்கு, பிரஷர் பார்க்க அதுவே போதும்னு சிலர் சொல்றாங்க." டெலிமெட்ரி என்பது எலியின் உடம்புக்குள் டிரான்ஸ்மிட்டர் வைத்துத் தூரத்திலிருந்தே அளப்பது. ஆப்டோஜெனெடிக்ஸ் என்பது ஒளி உணர் புரதத்தை வைரஸ் வழியாக மூளைச் செல்லில் ஏற்றி, லேசர் ஒளியால் அந்தச் செல்லைத் தூண்டுவது அல்லது அடக்குவது. வால் கஃப் என்பது வாலில் பட்டை கட்டிப் பிரஷர் பார்ப்பது.

எலி மிரளும்போது அதன் இதயம் வேகமெடுக்கிறது, பிரஷர் ஏறுகிறது. இந்த உத்தரவை மூளையின் எந்த இடம் போடுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. நான் பத்து வருஷத்துக்கு மேல் சுற்றிவந்த கேள்வி இது. "டெலிமெட்ரி வாங்கு" என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் என்று போனில் சரியாகச் சொல்ல முடியவில்லை. இதே இடத்தில் நின்று யோசிக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன். தமிழில் மன அழுத்தமும் ரத்த அழுத்தமும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்வதால், இங்கே ஒன்றை ஸ்ட்ரெஸ் என்றும் மற்றதைப் பிரஷர் என்றும் எழுதிவிடுகிறேன்.

முதலில் நமக்குத் தெரிந்த வரைபடம். ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிறது என்று ஹார்வர்டில் வால்டர் கேனன் சொல்லி நூறு வருஷம் தாண்டிவிட்டது. பூனையின் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸைத் தூண்டி இந்தத் தயார்நிலையை வரவழைத்துக் காட்டிய வால்டர் ஹெஸ்ஸுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஹைப்போதலாமஸ் என்பது ஒரே பொருள் இல்லை. பத்துப் பதினைந்து சின்னச் சின்னக் கருக்கள், அதாவது நரம்புச் செல் கூட்டங்கள், நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் இடம் அது.

அதில் எது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1996-இல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டிமிக்கோ குழு செய்தது. எலியின் முகத்தில் காற்றைப் பீய்ச்சினால் துடிப்பும் பிரஷரும் ஏறும். மஸ்கிமால் என்ற மருந்து நரம்புச் செல்களைச் சில மணி நேரம் ஊமையாக்கும். அதைத் துளியிலும் துளியாக டார்சோமீடியல் ஹைப்போதலாமஸில் வைத்தபோது அந்த ஏற்றம் அடங்கிப்போனது. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் பாராவென்ட்ரிகுலர் கருவில் வைத்தபோது அப்படி அடங்கவில்லை. ஸ்ட்ரெஸ் ஹார்மோன்களுக்கு உத்தரவு போடும் பேர்போன இடம் இந்தப் பாராவென்ட்ரிகுலர் கருதான். இதயத்துக்கான உத்தரவும் அங்கிருந்துதான் வரும் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி வைத்த ஊசி அந்த நினைப்பைத் திருத்தியது.

அப்புறம் அந்த உத்தரவு கீழே போகும் வழியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. டார்சோமீடியல் ஹைப்போதலாமஸிலிருந்து மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்கு இரண்டு பாதைகளில் செய்தி போகிறது. நடுக்கோட்டில் இருக்கும் ரஃபே பாலிடஸ் என்ற கரு வழியாகப் போவது பெரும்பாலும் இதயத் துடிப்புக்கு. பக்கவாட்டில், முகுளத்தின் முன்புறக் கீழ்ப்பகுதி வழியாகப் போவது ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிரஷரை ஏற்றுவதற்கு. சிட்னியில் டாம்ப்னி குழு 2001-இல் மயக்கத்தில் இருந்த எலிகளில் அந்தப் பக்கவாட்டுப் பகுதியை மஸ்கிமாலால் அடக்கியது. ஹைப்போதலாமஸைத் தூண்டினால் வரும் பிரஷர் ஏற்றம் குறைந்தது, துடிப்பின் ஏற்றம் மட்டும் அப்படியே நின்றது. இதயமும் குழாயும் தனித்தனி வயரிங். ஒன்றை மட்டும் அளந்துவிட்டு "இந்த இடம் ஸ்ட்ரெஸை அடக்குகிறது" என்று யாரும் எழுதிவிட முடியாது. எதை வாங்குவது என்ற கேள்விக்கான விடை இங்கேதான் தொடங்குகிறது.

வால் கஃப் விஷயத்துக்கு வருகிறேன். லேபில் இருக்கிறது, செலவில்லை, ஆபரேஷன் இல்லை. எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வாலைச் சூடுபடுத்தி, பட்டையை மாட்டி ஊதி அளக்க வேண்டும். மனிதருக்குக் கையில் பட்டை கட்டுவது போலத்தான். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். எலி குழாய்க்குள் பின்னுக்கு நகரப் பார்க்கிறது, முடியவில்லை. மூக்கு மட்டும் முன் துவாரத்தில் துடிக்கிறது. பலவற்றுக்கு இரண்டாவது நிமிடமே புழுக்கை விழுந்துவிடும். ஸ்ட்ரெஸ் கொடுப்பதற்கு உலகமெங்கும் பயன்படுத்தும் முறையே எலியை இப்படிக் குழாய்க்குள் அடைப்பதுதான்! ஓய்வு நேரத்துப் பிரஷர் என்று நாம் குறித்துக்கொள்வது ஏற்கெனவே ஸ்ட்ரெஸில் இருக்கும் எலியின் பிரஷரை. பல நாள் பழக்கினால் கொஞ்சம் அடங்கும், முழுதாக அடங்காது.

இன்னொரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. எலியின் வால் உடம்பின் வெப்பத்தை வெளியேற்றும் இடம். எலி மிரண்டால் வாலின் தமனிகள் இறுகி வால் குளிர்ந்துபோகும். இந்த இறுக்கத்துக்குச் சொல்லி அனுப்புவதும் நான் மேலே சொன்ன அதே ரஃபே பகுதிதான். அதாவது, ஸ்ட்ரெஸ் எந்தக் குழாயை இறுக்குகிறதோ அந்தக் குழாயில்தான் பட்டையைக் கட்டி ரத்த ஓட்டத்தைத் தேடுகிறோம். அதனால்தான் வாலைச் சூடாக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சூடும் எலிக்கு இன்னொரு தொந்தரவு. சோதனை மருந்து ரஃபேயைத் தொட்டால் வாலின் நிலையே மாறிவிடும். அப்போது கஃப் காட்டும் எண்ணில் எவ்வளவு பிரஷர், எவ்வளவு வால் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அமெரிக்க இதயச் சங்கம் 2005-இல் விலங்குகளில் பிரஷர் அளப்பது பற்றி வெளியிட்ட பரிந்துரையும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. நிறைய எலிகளில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்று சலித்தெடுக்க வால் கஃப் போதும், நொடிக்கு நொடி மாறுவதைப் பார்க்க அது உதவாது. உயர் ரத்த அழுத்த எலிக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்து, வாரம் ஒருமுறை அளக்கப் போகிறீர்களா? தாராளமாக வால் கஃப். ஸ்ட்ரெஸ் ஆய்வுக்கு வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

பிரஷர் அளக்க இன்னொரு வழி, தமனிக்குள் குழாய் விடும் கதீட்டர். அதைப் பற்றி அவ்வளவு கறாராகச் சொல்ல மனம் வரவில்லை. நான் கற்றுக்கொண்டதே அதில்தான். தொடைத் தமனியில் மெல்லிய பாலித்தீன் குழாயை நுழைத்து, தோலுக்கடியில் ஓட்டி, பிடரியில் வெளியே எடுத்து முடிச்சுப் போட்டுவிடுவோம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த முனையை, அழுத்தத்தை மின் சமிக்ஞையாக்கும் டிரான்ஸ்டியூசரோடு இணைத்தால் ஒவ்வொரு துடிப்பும் திரையில் எழும். இதைவிட நேரடியான அளவீடு கிடையாது. செலவும் குறைவு. இந்தத் துறையின் நல்ல கட்டுரைகளில் பெரும் பங்கு, குறிப்பாக பிரேசிலில் ரிபெய்ரோ பிரேத்தோவிலிருந்து வந்தவை, இந்தக் கதீட்டரில் செய்தவைதான்.

ஆனால் அதற்கு ஆயுள் சில நாட்கள். ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நாள்தோறும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்த உப்புநீரால் கழுவிவிட வேண்டும். என் முதல் தொகுதியில் மூன்றாம் நாள் காலை பாதி எலிகளில் குழாய் அடைத்திருந்தது. ஊசியை அழுத்தினால் கல்லை அழுத்துவது போல் இருந்தது. கொஞ்சம் பலமாக அழுத்தினால் திறந்துகொள்ளும் என்று எனக்குள் ஒரு குரல். அப்படி அழுத்தினால் உறைந்த ரத்தக் கட்டி எலியின் உடம்புக்குள் போகும். அழுத்தவில்லை. அந்த எலிகளை விட்டுவிட்டேன். அவ்வளவு உயிர்களும் எந்தத் தகவலும் தராமல் போயின என்பது இன்றும் மனதில் கிடக்கிறது.

அது தவிர, ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாளில் அளக்கும்போது எலி இன்னும் வலியில் இருக்கிறது. அதன் ஓய்வுத் துடிப்பே உயர்ந்திருக்கும். இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தொந்தரவில்லாமல் கூண்டில் கிடக்கும் எலியின் துடிப்பு பகலில் நிமிடத்துக்கு 300 முதல் 350 வரை இருக்கும். குழாயில் அடைத்தால் 450-ஐத் தாண்டும். 500-க்கு மேல் ஏற அதிக இடமில்லை. ஓய்வு என்று நாம் நினைக்கும் எண்ணே 420 என்றால் ஏறுவதற்கு மிச்சம் என்ன இருக்கிறது? மருந்து ஏற்றத்தைக் குறைத்ததா, ஏற இடமே இல்லாமல் போனதா என்று பிரித்தறிய முடியாது.

டெலிமெட்ரி இந்த எல்லாச் சிக்கலையும் ஒரே அடியில் சுருக்கிவிடுகிறது. வயிற்றுப் பெருந்தமனியில் நுனியை நுழைத்து, சின்ன டிரான்ஸ்மிட்டரை வயிற்றுக்குள் வைத்துத் தைத்துவிடுகிறோம். ஒரு வாரம் பத்து நாளில் எலி தேறிவிடும். தேறியதற்கு நம்பகமான அடையாளம் அதன் நாள் தாளம் திரும்புவது: எலி இரவு விலங்கு, இரவில் துடிப்பும் பிரஷரும் ஏறி, பகலில் இறங்க வேண்டும். அந்த அலை திரையில் தெரிந்துவிட்டால் சோதனையைத் தொடங்கலாம். அதன்பின் எலியைத் தொடவே வேண்டாம். கூண்டுக்கடியில் இருக்கும் தட்டு சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும். பிரஷர், துடிப்பு, உடல் வெப்பம், நடமாட்டம் என எல்லாம் வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும்.

முதன்முதலில் டெலிமெட்ரி பதிவைப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. மதியம் இரண்டேகால் மணிக்கு ஒரு மேடு. எந்தச் சோதனையும் இல்லாத நாள். நோட்டைப் புரட்டினால், தண்ணீர் பாட்டில் மாற்ற ஆள் வந்த நேரம். எட்டு எலியிலும் அதே மேடு, இறங்க இருபது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதுவரை நான் கதீட்டரில் அளந்த எலிகள் எல்லாவற்றின் பக்கத்திலும் நான் நின்றிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஆபரேஷன் கைபழக நாளாகும். பேட்டரி தீரும், டிரான்ஸ்மிட்டரைத் திருப்பியனுப்பிச் சரிசெய்து வாங்க வேண்டும். பல மாடல்களில் கருவி வைத்த இரண்டு எலிகளை ஒரே கூண்டில் விட்டால் சமிக்ஞை கலந்துவிடும். அதனால் கூட்டமாக வாழும் பிராணியைத் தனியாக வைக்க வேண்டியிருக்கும், அதுவே ஒரு ஸ்ட்ரெஸ். கருவி இல்லாத ஓர் எலியைத் துணைக்கு விடுவது இதற்கு நல்ல வழி. ஒரே எலியை மருந்தோடும் மருந்தில்லாமலும் திரும்பத் திரும்ப அளக்கலாம் என்பதால் தேவைப்படும் எலிகளின் எண்ணிக்கை நன்றாகக் குறையும். எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதும் விண்ணப்பத்தில் முதலில் சொல்ல வேண்டிய காரணம் இது. எனக்கும் இதுவே முதல் காரணம்.

எந்த ஸ்ட்ரெஸ் கொடுப்பது என்பதும் இதையொட்டியே முடிவாகும். குழாயில் அடைப்பது எளிது, எல்லோரும் செய்வதால் மற்றவர்களின் எண்களோடு ஒப்பிடலாம். ஆனால் அதே எலியை நாள்தோறும் அடைத்தால் அது பழகிக்கொள்ளும், துடிப்பின் ஏற்றம் குறைந்துகொண்டே வரும். எலி உள்ளே திமிறுவதால் தசை வேலையும் சேர்ந்துவிடும். இன்னொரு ஆண் எலி இருந்த அழுக்குக் கூண்டுக்கு மாற்றுவது நான் அதிகம் விரும்புவது. கை படுவது சில நொடிதான். ஆனால் எலி சுற்றிச் சுற்றி முகர்ந்து நடக்கும், நடமாட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

முன்பு கால் அதிர்ச்சி வாங்கிய பெட்டியில் மறுபடி விடுவது வேறு ஜாதி. அங்கே எலி உறைந்து நிற்கிறது, மூச்சு விடுவது தவிர அசைவே இல்லை. ஆனாலும் பிரஷர் மளமளவென்று ஏறுகிறது. ஓடாத, திமிறாத உடம்பில் ஏறும் பிரஷர் என்பதால் அது தசை வேலையால் வந்ததல்ல, மூளையிலிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். இதில் துடிப்பு உடனே ஏறாமல் மெதுவாகப் பின்தொடரும். பரிவு நரம்பு இதயத்தை முடுக்கும் அதே நேரத்தில், அதன் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பு பிடித்து இழுப்பதுதான் காரணம். வேகஸை மெத்தில் அட்ரோபின் மருந்தாலும் பரிவு நரம்பை அட்டெனலால் மருந்தாலும் தடுத்துப் பார்த்தால் இரண்டின் பங்கையும் பிரித்துவிடலாம். மூத்த ஆண் எலியின் கூண்டில் விட்டுத் தோற்க வைக்கும் சோதனை மனிதரின் சமூக நெருக்கடிக்கு நெருக்கமானது. ஆனால் பிடரியில் கதீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் மற்ற எலி அதைக் கடித்துவிடும். டெலிமெட்ரி இல்லாமல் இதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

சரி, இப்போது லேசர். அவள் கேட்டதில் எனக்கும் ஆசை உள்ள பகுதி இதுதான்.

மூளையின் ஓர் இடம் தேவைதானா என்று அறிய அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். பழைய முறையில் மின்சாரத்தால் சுட்டுவிடுவார்கள். அதில் அந்த வழியாகச் சும்மா கடந்துபோகும் நரம்பிழைகளும் சேர்ந்து போகும். இபோடினிக் அமிலம் இழைகளை விட்டுச் செல்களை மட்டும் கொல்லும், ஆனால் திரும்ப வராது, சில வாரத்தில் மற்ற பகுதிகள் ஈடுகட்டிவிடும். ஆகவே இரண்டையும் தள்ளிவைக்கலாம்.

மஸ்கிமால் செல்லின் உடலை அடக்கும், கடந்துபோகும் இழையைத் தொடாது. சில மணி நேரத்தில் விலகிவிடும். வழக்கமான அளவு 100 நானோலிட்டர். சாதாரணச் சொட்டு மருந்தில் ஒரு சொட்டை ஐந்நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அப்படியும் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை பரவலாம், எலியின் ஹைப்போதலாமஸில் அது நீண்ட தூரம். கோபால்ட் குளோரைடு இன்னும் சீக்கிரம் விலகும்: பத்து நிமிடத்தில், செல்லிலிருந்து செல்லுக்குச் செய்தி தாவும் இடங்களான சினாப்ஸுகளை அடைத்து, ஒரு மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஆகும் செலவு லேசர் செட்டின் ஓரத்தைக்கூடத் தொடாது. தேவைப்படுவது எலியின் தலையை அசையாமல் பிடித்து ஊசியைக் குறி வைக்கும் ஸ்டீரியோடாக்ஸிக் சட்டமும், எலி மூளையின் பாக்ஸினோஸ் வாட்சன் வரைபடமும், நடுங்காத கையும். சோதனை முடிந்ததும் அதே வழியில் சாயம் விட்டு, மூளையைச் சீவி, ஊசி எங்கே போனது என்று பார்க்க வேண்டும். தவறிப் போன ஊசிகளைத் தூக்கி எறியாதீர்கள். பக்கத்து இடத்தில் மருந்து வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

ஆனால் மஸ்கிமாலும் கோபால்ட்டும் குருட்டுக் கருவிகள். அந்த இடத்தில் தூண்டும் செல், அடக்கும் செல், மேலே செய்தி அனுப்பும் செல், கீழே செய்தி அனுப்பும் செல் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வாயடைக்கும். இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்பதற்கு முன்மூளைப் புறணியின் இன்ஃப்ராலிம்பிக் பகுதியே போதும். 2009-இல் ரிபெய்ரோ பிரேத்தோ குழு அங்கே கோபால்ட் வைத்து எலிகளைக் குழாயில் அடைத்தது. துடிப்பின் ஏற்றம் குறைந்தது. அதை ஒட்டியிருக்கும் ப்ரீலிம்பிக் பகுதியில் வைத்தபோது ஏற்றம் கூடியது. ஆக, இன்ஃப்ராலிம்பிக் இதயத்தை முடுக்குகிறது என்று தோன்றும். பத்து வருஷம் கழித்து கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மயர்ஸ் குழு வேறு வழியில் போனது. இன்ஃப்ராலிம்பிக்கின் குளுட்டமேட் செல்கள், அதாவது மற்ற செல்களைத் தூண்டும் வகைச் செல்கள், செய்தி அனுப்பும் திறனை மட்டும் வைரஸ் வழியாகக் குறைத்தது. ஆண் எலிகளில் ஸ்ட்ரெஸின்போது துடிப்பும் பிரஷரும் முன்னைவிட அதிகமாக ஏறின. அதாவது அந்தச் செல்கள் இதயத்தைப் பிடித்து நிறுத்துகின்றன! அடுத்து அதே குழு அந்தச் செல்களை ஒளியால் தூண்டிப் பார்த்தது. ஆண் எலிகளில் துடிப்பின் ஏற்றம் தணிந்தது, பெண் எலிகளில் கூடியது.

ஒரே இடம், மூன்று கருவி, மூன்று விடை. யாரும் தவறு செய்யவில்லை. ஒரு கருவி அறை முழுவதையும் அடைத்தது, இன்னொன்று சில மணி நேரத்துக்குப் பதில் வாரக்கணக்கில் ஒரே வகைச் செல்லை மட்டும் தணித்தது, மூன்றாவது தூண்டியது. நம் கேள்வி "இந்த இடம் தேவையா" என்றால் மஸ்கிமால் போதும். "இந்த இடத்தில் எந்தச் செல், எங்கே செய்தி அனுப்புகிறது" என்றால் மஸ்கிமாலுக்குப் பதில் தெரியாது. அவளுடைய திட்டம் இன்ஃப்ராலிம்பிக் பற்றியது என்பதால் இதை அவள் தவிர்க்க முடியாது. பெண் எலிகளைச் சேர்க்காமல் எழுதவும் கூடாது.

அப்படியானால் ஒளி தேவைதானே? தேவைதான். 2020-இல் நாகோயா பல்கலைக்கழகத்தில் கதாவோகா, நகமுரா குழு இன்ஃப்ராலிம்பிக்குக்குச் சற்றுக் கீழே, டார்சல் பெடன்கிள் என்ற யாரும் அதிகம் பேசாத புறணிப் பகுதியிலிருந்து டார்சோமீடியல் ஹைப்போதலாமஸுக்கு வரும் பாதையைக் காட்டியது. அந்த இழைகளை ஒளியால் தூண்டினால் ஸ்ட்ரெஸ் இல்லாமலே துடிப்பும் பிரஷரும், உடம்புக்குச் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பின் வெப்பமும் ஏறின. அந்தப் பாதையைத் தடுத்தபோது, இன்னொரு எலியிடம் தோற்ற எலிக்கு வழக்கமாக ஏறும் உடல் வெப்பம் ஏறவில்லை. ஓர் எண்ணம் எப்படி இதயத்தைத் தொடுகிறது என்பதற்கு இதைவிட அழகான விடையை நான் பார்த்ததில்லை. மஸ்கிமாலால் இந்த அளவு துல்லியமாக ஒரு பாதையைப் பிரித்துக் காட்ட முடியாது.

ஆனாலும் ஒளிக்குத் தனிச் செலவுகள் உண்டு, பணம் அல்லாத செலவுகள். ஒளி திசுவைச் சூடாக்கும். வெப்பத்தை உணரும் செல்கள் இருக்கும் ஹைப்போதலாமஸில் இது சின்ன விஷயமில்லை, ஒளி உணர் புரதம் இல்லாத வைரஸ் போட்ட எலிகளுக்கும் அதே ஒளியைக் கொடுத்தே ஆகவேண்டும். ஆர்க்கிரோடாப்சின் என்ற, செல்லை அடக்கும் ஒளி உணர் புரதத்தால் இழை முனைகளை அடக்கப் போனால் அமில காரத் தன்மை மாறி, அடங்குவதற்குப் பதில் செய்தி கடத்தும் வேதிப்பொருள் தானாகச் சுரக்கும் என்று 2016-இல் காட்டிவிட்டார்கள். தலையில் கேபிள் தொங்கும் எலியை மூடிய குழாயில் அடைக்க முடியாது, குழாயின் மேற்பகுதியில் பிளவு வெட்ட வேண்டும். சுண்டெலியில் செல் வகைக்கொரு மரபு மாற்ற வம்சம் கிடைக்கும், எலியில் அவ்வளவு கிடையாது. அதனால் வைரஸின் தேர்வே செல்லின் தேர்வாகிறது.

இடையில் ஒரு வழி இருக்கிறது, ட்ரெட் எனப்படும் கெமோஜெனெடிக்ஸ். வைரஸால் ஒரு செயற்கை ஏற்பியைச் செல்லில் பொருத்தி, இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, சி.என்.ஓ. மருந்தால் அதை இயக்குவது. கேபிள் வேண்டாம், லேசர் வேண்டாம், செல் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இதிலும் நம் துறைக்கென்று ஒரு குழி உண்டு. சி.என்.ஓ. உடம்பில் க்ளோசபின் என்ற மனநோய் மருந்தாக மாறித்தான் மூளைக்குள் வேலை செய்கிறது என்று 2017-இல் தெரியவந்தது. க்ளோசபின் மனிதருக்கே துடிப்பை ஏற்றி, பிரஷரை இறக்கும் மருந்து. நடத்தை ஆய்வு செய்பவருக்கு இது அடிக்குறிப்பு, நமக்கோ நாம் அளக்கும் பொருளே அதுதான். ஏற்பி இல்லாத எலிகளுக்கும் சி.என்.ஓ. கொடுத்து அளக்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது. அப்புறம், வயிற்றில் போடும் ஊசியே துடிப்பை ஏற்றும். டெலிமெட்ரி இருந்தால் அந்த மேடு அடங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்து பிறகு தொடங்கலாம். இல்லையென்றால் அடங்கியது என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

நான் ஏன் யோசிக்காமல் விடை சொன்னேன் என்பது இப்போது புரிந்திருக்கும். டெலிமெட்ரி வாங்கி லேசர் இல்லாமல் மூன்று வருஷத்தில் நல்ல ஆய்வேடு எழுதலாம். லேசர் வாங்கி டெலிமெட்ரி இல்லாமல் இந்தக் கேள்விக்கு எழுத முடியாது. துல்லியமாக ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிட்டு, அதன் விளைவை வால் கஃப்பில் பார்ப்பது, மைக்ரோமீட்டரால் வெட்டிவிட்டு முழம் போட்டு அளப்பது போல.

முதல் வருஷம் கோபால்ட்டும் மஸ்கிமாலும், ஆண் எலியிலும் பெண் எலியிலும், கூண்டு மாற்றத்திலும் பயப் பெட்டியிலும். இரண்டாவது வருஷம் இன்ஃப்ராலிம்பிக்கின் குளுட்டமேட் செல்களுக்கு ட்ரெட். வைரஸ் சில குப்பிகள்தான், அதற்குத் தனி மெஷின் வேண்டாம். முடிவுகள் ஒரு பாதையைக் காட்டினால் மூன்றாம் வருஷம் லேசர் இருக்கும் லேபைத் தேடிப்போகலாம். லேசரைக் கடன் வாங்குவது எளிது, வாரக்கணக்கில் ஓடும் டெலிமெட்ரியை யாரும் கடன் தர மாட்டார்கள்.

என் விடை மாறும் இடமும் உண்டு. பக்கத்துத் துறையில் டெலிமெட்ரி ஏற்கெனவே இருந்து, வாரத்தில் சில நாளாவது உறுதியாகக் கிடைக்கும் என்றால் லேசரைக் கேளுங்கள். மயக்கத்தில் இருக்கும் எலியில் பாதையை மட்டும் தேடுகிறீர்கள் என்றால் கதீட்டரே போதும், சிட்னி குழு அப்படித்தான் செய்தது. ஆனால் மயங்கிய எலிக்குப் பயம் கிடையாது. அதில் பாதையைத்தான் பார்க்கலாம், ஸ்ட்ரெஸைப் பார்க்க முடியாது.

இவ்வளவு அக்கறை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். 1994 ஜனவரி 17 அதிகாலை லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. அந்த வட்டாரத்தில் இதய நோயால் திடீரென்று இறப்பவர்கள் அதற்கு முந்தைய வாரத்தில் நாளுக்குச் சராசரி 4.6 பேர், அன்றைக்கு 24 பேர். பயம் மூளையிலிருந்து இதயத்துக்கு எந்த வழியாகப் போகிறது என்பது அவர்களுடைய வீட்டாரின் கேள்வியும்கூட.

அவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். கருவி வந்ததும் முதல் இரண்டு எலிகளில் வைத்து, இரண்டு வாரம் எந்தச் சோதனையும் செய்யாதே. மருந்து வேண்டாம், குழாய் வேண்டாம், ஓடவிட்டுப் பதிவு மட்டும் செய். கதவில் ஒரு தாளை ஒட்டி, யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று எழுதச் சொல். தீவனம் போடுபவர், பெருக்குபவர், கைடு, நீ, எல்லோரும். பிறகு அந்தத் தாளையும் திரையில் எழுந்த மேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எந்த நேரத்தில் அந்த அறை உண்மையிலேயே அமைதியாக இருக்கிறதோ, உன் முதல் ஊசியை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்.